ஓதம் ஏறி இறங்கும் ஆற்றுக்குப் படகெடுத்துப் போவது

புது ஆறு ஒன்றுக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தாலே, "அங்க என்ன மீன் அடிக்குது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கடலோடு சேரும் ஆறாக இருந்தால் அந்தக் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். படகை இறக்கி ஏற்றும் சரிவில் எத்தனை மணி வரை தண்ணீர் நிற்கும், அதற்குள் திரும்பி வந்துவிட முடியுமா என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் எப்போது கிளம்புவது, எவ்வளவு தூரம் மேலே போவது, எங்கே நங்கூரம் போடுவது எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

நண்பனின் 16 அடி ஃபைபர் படகில், 40 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின் மாட்டிக்கொண்டு, இருவருமே முன்பின் பார்த்திராத ஒரு ஆற்றுக்குப் போய்வந்தோம். எப்படித் திட்டம் போட்டோம், அதில் எது அங்கே போனதும் சரியாக வந்தது, எதைத் தண்ணீரைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான். கடல்நீர் எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணையை நான் திறந்தேன். அந்த ஞாயிறு விடியற்காலையில் உச்ச ஏற்றம், நாங்கள் திரும்ப வேண்டிய மதியத்தில் கடைசி வற்றம். சரிவில் சேறுதான் இருக்கும். "ஒரு வாரம் தள்ளிப் போடுடா" என்றேன். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம் இருக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். ஏழு நாள் போனால் அந்தப் பிந்தல் ஆறு மணி நேரத்தைத் தொட்டுவிடும். இந்த ஞாயிறு எந்த நேரத்தில் ஏற்றமோ, அடுத்த ஞாயிறு கிட்டத்தட்ட அதே நேரத்தில் வற்றம். வாரக் கடைசியில் மட்டும் விடுப்பு கிடைப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும், பாதி நாட்களை அடித்துவிடலாம். ஆனால் உலகம் முழுக்க இதே கதை இல்லை. மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம்தான். போகிற இடம் எந்த வகை என்று அட்டவணையில் ஒரு வாரத்தை வரிசையாகப் படித்தாலே புரிந்துவிடும்.

அடுத்தது சந்திரன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதாக இருக்கும், அட்டமியை ஒட்டிச் சிறுத்துவிடும். பல இடங்களில் உச்சம் அமாவாசையன்றே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். பெரிய ஓதத்தில் மீன் நன்றாக அடிக்கும் என்பார்கள், பல ஆறுகளில் அது உண்மையும்கூட. இருந்தாலும் தெரியாத ஆற்றுக்கு முதல்முறை போகும்போது நான் அந்த நாட்களை எடுப்பதில்லை. ஓட்டம் அசுர வேகத்தில் இருக்கும், வற்றும்போது ஆறே பாதியாகச் சுருங்கிவிடும். வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும் கழிமுகங்களும் உண்டு. இங்கிலாந்தின் செவர்ன், சீனாவின் சியாந்தாங் போன்ற ஆறுகளில் பெரிய ஓத நாட்களில் ஏற்றமே ஒரு அலைச் சுவராக ஆற்றுக்குள் புகுந்து வரும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நாங்கள் போன ஆறு அவ்வளவு மூர்க்கமில்லை, இரண்டு மீட்டர் சொச்சம்தான். அதுவே ஒரு படகை நாள் முழுக்கச் சேற்றில் உட்கார வைக்கப் போதும். எனவே அட்டமி தாண்டி ஓதம் மெல்லப் பெருக்கத் தொடங்கும் நாள் ஒன்றைப் பிடித்தோம். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தேதி முடிவானதும் வரைபடம். கடல்வழி வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் நாம் போகும் நேரத்தின் ஆழம் இல்லை. மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய ஒரு அடிமட்டத்திலிருந்து அளந்த ஆழம் அது. அந்த நேரத்து ஓத உயரத்தை அதோடு கூட்டினால்தான் படகுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் கிடைக்கும். அடிக்கோடு போட்ட எண் இருந்தால், அந்த இடம் வற்றத்தில் அவ்வளவு உயரம் வெளியே தெரியும் என்று பொருள். பாலத்துக்கும் மின்கம்பிக்கும் கணக்கு நேர் எதிர். உயர்ந்த ஏற்றத்திலிருந்து அளந்திருப்பார்கள். தூண்டில் கழியை நட்டமாக நிறுத்தி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கார்பன் கழி மின்சாரம் கடத்தும்.

சிறிய ஆறுகளுக்குப் பெரும்பாலும் வரைபடமே இருக்காது, இருந்தாலும் பழையதாக இருக்கும். அங்கேதான் செயற்கைக்கோள் படம் கை கொடுத்தது. கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களையும் புரட்டலாம். வற்ற நேரத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் போதும், திட்டு, கால்வாய், கிளை ஓடை எல்லாம் எலும்பும் நரம்புமாகத் தெரியும். அண்மை நிலவரத்துக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒவ்வொரு புள்ளியும் 10 மீட்டர் என்பதால் சின்ன ஓடை மங்கலாகத்தான் தெரியும், ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். வெவ்வேறு ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, வளைவுகளில் ஆழம் அப்படியே இருந்தது, முகத்துவாரத்து மணல் திட்டு மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. வளைவின் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மேடு என்பது ஆறுகளின் பொது வழக்கம். திட்டு எங்கே என்பதை மட்டும் எந்தப் படத்தையும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தோம். வற்றும் ஓட்டம் வெளியே பாயும்போது கடலலை எதிர்த்து வந்தால், திட்டின் மேல் அலை செங்குத்தாக எழும்பி உடையும். சிறு படகுகள் கவிழ்வதற்குப் பெயர்போன சூழல் அது. ஆற்றுக்குள்ளேயே நீண்ட நேர்பகுதிகளில் காற்றும் ஓட்டமும் எதிரெதிராக வந்தால் இதன் சிறிய வடிவத்தைப் பார்க்கலாம். காலையில் எண்ணெய் மாதிரி கிடந்த நீர், ஓட்டம் திரும்பியதும் பத்து நிமிடத்தில் படகைக் குலுக்கும். வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், திசையை ஆற்றின் நீளத்தோடு வைத்துப் பாருங்கள்.

ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். அந்தச் சாயங்காலத்தில் கடைசி வற்றம் என்பது தற்செயல் இல்லை. ஆற்றை வற்றத்தில் பார்ப்பது, வீடு கட்டும் முன் மனையை நடந்து பார்ப்பதற்குச் சமம். மேல்பாதியில் நல்ல கான்கிரீட்டாக இருந்த சரிவு, கீழே போகப் போகப் பச்சைப் பாசி ஏறி வழுக்கியது. கடைசியில் கான்கிரீட் சட்டென்று முடிந்து ஒரு முழம் பள்ளம். டிரெய்லரின் சக்கரம் அதில் இறங்கினால் வண்டியோடு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த விளிம்புக்கு நேராகக் கரையில் இருந்த ஒரு கம்பத்தை அடையாளம் வைத்தோம். எதிரே பாலத்தூணில் சிப்பி ஒட்டியிருந்த கறுப்புக் கோடு தண்ணீர் வழக்கமாக எதுவரை ஏறும் என்று காட்டியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே மணியையும் நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டோம். அட்டவணையில் கடைசி வற்றம் என்று போட்டிருந்த நேரம் தாண்டியும் தண்ணீர் கீழே போய்க்கொண்டேதான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் ஓட்டம் நின்றது.

இந்தப் பிந்தலைத்தான் புதியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அட்டவணையில் இருப்பது முகத்துவாரத்துக்கோ அருகிலிருக்கும் துறைமுகத்துக்கோ உரிய நேரம். ஓதம் ஆற்றுக்குள் ஏறி வர நேரமாகும். தேம்ஸ் ஆற்றில் கழிமுகத்து சவுத்எண்டில் உச்ச ஏற்றம் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் லண்டன் பாலத்துக்கு வரும். மேலே போகப் போக இன்னொன்றும் நடக்கும்: ஏற்றம் சீக்கிரம் முடியும், வற்றம் நீளும். தண்ணீர் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும், பிறகு 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், 2.4 மீட்டர் வித்தியாசம் என்று வைத்தால் முதல் மணியில் 20 செ.மீ., நடுவிலிருக்கும் இரண்டு மணியிலும் 60 செ.மீ. வீதம். திறந்த கடற்கரைக்கு இது நன்றாகப் பொருந்தும், ஆற்றின் உள்ளே தோராயமாகத்தான். ஆனால் நடு மணிகளில்தான் ஓட்டம் பேய்த்தனமாக இருக்கும் என்பதை அது மறக்கவிடாது. காற்றழுத்தமும் சேரும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும். உயரழுத்தம் நின்றுவிட்டால் அட்டவணை சொன்னதைவிடத் தண்ணீர் குறையும். மேலே மழை பெய்திருந்தால் வற்றம் இன்னும் நீளும், ஏற்ற ஓட்டம் தெரியாமலேகூடப் போகலாம்.

சரிவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மீனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "அண்ணே, எங்கெல்லாம் தரை தட்டும்?" என்று மட்டும் கேட்டேன். மீன் இருக்கும் இடத்தை யாரும் சுலபத்தில் சொல்ல மாட்டார்கள், ஆபத்தான இடத்தைக் கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். "மூணாவது வளைவு தாண்டினதும் இடது கரைய ஒட்டிப் போங்க தம்பி. நடு ஆறுன்னு நம்பிப் போனீங்க, அவ்வளவுதான்." படத்தில் அந்த இடம் நல்ல நீலமாக, ஆழமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படகை இறக்கினோம். தெரியாத ஆற்றைத் தேடிப் பார்ப்பது எப்போதும் ஏறும் தண்ணீரில்தான் என்பதில் நான் பிடிவாதக்காரன். ஏற்றத்தில் தரை தட்டினால் கொஞ்ச நேரம் பொறுத்தால் தண்ணீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் கணக்கே வேறு. உச்ச ஏற்றம் முடிந்து ஒரு மணி நேரத்தில் திட்டில் ஏறிவிட்டால், அதே மட்டத்துக்குத் தண்ணீர் திரும்ப வர அடுத்த உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஆகிவிடும், அதாவது சுமார் பத்தரை மணி நேரம். ஓதம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டிருக்கும் வாரமாக இருந்தால் அடுத்த ஏற்றம் அந்த மட்டத்துக்கு வராமலே போகலாம். ஓதம் பெருக்கும் நாளாகத் தேதி எடுத்ததன் லாபம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜி.பி.எஸ்.ஸில் பதிந்த தடத்தையே பிடித்துத் திரும்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். உச்ச ஏற்றத்தில் பதிந்த தடம் வற்றத்தில் திட்டின் முதுகில் ஓடும். தண்ணீர் குறைவாக இருந்தபோது பதிந்த தடம்தான் எப்போதும் செல்லும். மெதுவாக, என்ஜினைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, சோனாரில் ஆழத்தைப் பார்த்தபடி ஏறினோம். பெரியவர் சொன்ன இடத்தில் நடு ஆற்றில் ஆழம் மூன்று மீட்டரிலிருந்து மளமளவென்று முழங்கால் அளவுக்கு வந்தது. இடது கரையை ஒட்டினோம், நாணலை உரசாத குறைதான், அங்கே ஐந்து மீட்டர்.

படகு போகும் வழியின் ஓரத்தைக் காட்டும் மிதவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது உலகின் பெரும்பகுதியில் விதி. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸிலும் அது வலப்பக்கம். வெளிநாட்டில் வாடகைப் படகு எடுப்பவர்கள் பழக்க தோஷத்தில் ஓட்டிவிடக்கூடாது.

பெட்ரோல் கணக்கையும் ஓட்டம்தான் தீர்மானிக்கும். படகு 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் போகிறது, ஓட்டம் 2 நாட் என்று வையுங்கள். கூடவே போனால் 6 கடல்மைல் தூரத்துக்கு 50 நிமிடம் சொச்சம், எதிர்த்து வந்தால் இரண்டு மணி நேரம். ஏற்றத்தோடு மேலே போய் வற்றத்தோடு இறங்கினால் இரண்டு பக்கமும் ஆறே தள்ளிக்கொடுக்கும். அப்படியிருந்தும் போக மூன்றில் ஒன்று, வர மூன்றில் ஒன்று, தொடாமல் வைக்க மூன்றில் ஒன்று என்றுதான் நிரப்பினோம்.

ஒரு கிளை ஓடை ஆற்றோடு சேரும் வாயில் நங்கூரம் போட்டோம். ஏற்றத்தில் மடவைக் குஞ்சும் இறாலும் ஓடைக்குள், அலையாத்தி வேர்களுக்குள் ஏறிப் போகும். வற்றத் தொடங்கியதும் அவை வெளியே வந்தாக வேண்டும். கொடுவா மாதிரி வேட்டை மீன்கள் அந்த வாயில், கலங்கல் நீரும் தெளிநீரும் சேரும் கோட்டில், ஓட்டம் தேங்கும் மூலையில் காத்திருக்கும். ஏற்றம் உச்சியில் நின்ற அந்த அரைமணியில் ஒரு இழுப்பும் இல்லை. நண்பன் இடம் மாற்றலாம் என்று நச்சரித்தான். ஓடை வாயில் மிதந்த ஒரு காய்ந்த இலை அசையாமல் கிடந்தது. பிறகு அது தயங்கித் தயங்கி ஆற்றுப்பக்கம் நகர்ந்தது. அப்புறம் சிறுமீன்கள் நீர்ப்பரப்பில் சிதறும் சத்தம். முதல் அடி விழுந்தது. தூண்டிலை ஓட்டத்துக்கு மேலே எறிந்து, ஓட்டமே இரையை இழுத்து வரும்படி விட்டால்தான் அடித்தது, எதிர்த்துச் சுருட்டியபோது மீன் திரும்பியும் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் 20 கிராம் ஈயக்குண்டு தரையில் நின்றது. வற்றம் நடுவுக்கு வந்தபோது 60 கிராமும் உருண்டது. அதற்குமேல் அடிமட்டத் தூண்டில் வீண் வேலை. தெரியாத ஆற்றுக்குப் போகிறவர்கள் ஈயத்தைப் பல எடைகளில் கொண்டுபோங்கள், லூர் (செயற்கை இரை) பெட்டியை வேண்டுமானால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

நங்கூரம் போட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓடும் ஆற்றில் அதில் செய்யும் தவறு உயிரையே எடுத்துவிடும். முன்முனையிலிருந்து மட்டும்தான் போட வேண்டும். பின்பக்கம் கட்டினால் என்ஜின் எடையும் ஓட்டமும் சேர்ந்து பின்விளிம்பை நீருக்குள் இழுக்கும், படகு நிமிடத்தில் நிரம்பிவிடும். கயிறு, இப்போதிருக்கும் ஆழத்துக்கு இல்லை, உச்ச ஏற்றத்து ஆழத்துக்கு ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். நங்கூரத்துக்குப் பக்கத்தில் சில மீட்டர் சங்கிலி. அந்தச் சங்கிலியை வளையத்தில் மாட்டாமல் நங்கூரத்தின் அடிப்பகுதியில் மாட்டி, வளையத்தோடு ஒரு பிளாஸ்டிக் டையால் மட்டும் சேர்த்துக் கட்டியிருந்தோம். வேரில் சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகத் திரும்பி வெளியே வந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கயிறு வீணைத் தந்தியாய் அதிர்ந்துகொண்டிருந்தது. என்ஜினை முன்னோக்கி மெல்லக் கொடுத்து நங்கூரத்துக்கு நேர்மேலே வந்ததும் கயிறு இறுகியது, 'டக்' என்று கையில் ஒரு உதறல், அவ்வளவுதான். கயிற்றை வெட்டக் கத்தி ஒன்று முன்முனையிலேயே கட்டி வைத்திருந்தோம், அதற்கு வேலை வரவில்லை.

நங்கூரம் எடுக்கும் நேரத்தை அங்கே போய் முடிவு செய்யவில்லை. சரிவில் தண்ணீர் தீரும் என்று கணித்த நேரத்திலிருந்து, பயண நேரத்தையும் ஒரு மணி நேரக் கூடுதலையும் கழித்து வீட்டிலேயே எழுதியது. முந்தின நாள் சாயங்காலம் பார்த்த பிந்தலைச் சேர்த்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டோம். அலாரம் அடித்தபோது மீன் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் பத்து நிமிஷம்டா" என்றான். நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டேன். திரும்பும் வழியில் மூன்றாவது வளைவில், நடு ஆற்றில், ஒரு படகு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இருவர் இறங்கித் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் இறங்குவதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம். கால் தொடைவரை போய்விட்டால் எடுக்க முடியாது, தண்ணீர் அப்புறம் திரும்பி வரும். ஏறிப் படகிலேயே இருங்கள் என்று கத்திச் சொன்னோம், ஆழத்திலிருந்தபடி குடிதண்ணீர் கேனை எறிந்தோம், கரைக்கு வந்து அந்தப் பெரியவரிடமும் சொன்னோம். நாங்களும் அங்கே மாட்டியிருந்தால் இராத்திரி வரை உட்கார்ந்திருப்போம் என்ற எண்ணத்தில்தான் தேவைக்கு மீறிய குடிநீர், டார்ச், கொசுவுக்குக் களிம்பு, முழுக்கை சட்டை எல்லாம் படகில் இருந்தன.

லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குள் இல்லாமல் உடம்பில் இருக்க வேண்டும், என்ஜினை நிறுத்தும் சுருள்கயிறு ஓட்டுபவர் காலிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. அலையாத்திக்குள் கைபேசிக்கு சிக்னல் போய்விடும், அதனால் வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருந்தோம். ஆபத்துக்கு 16ஆம் சேனல். கரையில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். கிழக்கு இந்தியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை பல கழிமுகங்களில் உவர்நீர் முதலை உண்டு. அங்கே போகிறவர்கள் நீர்விளிம்பில் மீன் அறுக்கவோ, குனிந்து கை கழுவவோ வேண்டாம்.

படகை ஏற்றிய கையோடு வண்டியிலேயே உட்கார்ந்து மூன்று விஷயங்களை எழுதினோம்: முகத்துவார நேரத்திலிருந்து சரிவில் எவ்வளவு பிந்தல், ஓடை வாயில் எவ்வளவு பிந்தல், சரிவின் விளிம்பில் தண்ணீர் தீர்ந்தபோது அட்டவணைப்படி ஓத உயரம் என்ன. ஓடை வாயில் ஏற்றம் நின்றது சரிவில் நின்றதைவிட இன்னும் நாற்பது நிமிடம் கழித்து. இந்த எண்கள் கையில் இருந்தால், அந்த ஆற்றுக்கு எந்த மாதத்தில் எந்த நாள் போவது என்பதை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். பெரிய ஓத நாட்களுக்கும் மழைக்காலத்துக்கும் அவற்றைத் தனியாக அளக்க வேண்டும்.